முள் ஏறட்டும்

கோத்தகிரியில் ரோசலினிடம் காரைக் கொண்டுபோனால் அவர் காரைத் தொட மாட்டார்.

கேள்விப்பட்டவர்கள் இதை நம்புவதில்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து கோபப்படுவார்கள். ஸ்வெட்டர் பாக்கெட்டில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு வாசலில் நின்றபடி, "அதைத் தொட்டுப் பாருங்க, இதைக் கழட்டிப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கையெல்லாம் கறையாகி நிற்பது கார்க்காரர்தான்.

வேலை தெரியாமல் இல்லை. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பதினோரு வருஷமாக அந்த வேனின் பானெட்டை வேறு யாரும் திறந்ததில்லை. அடுத்தவர் வண்டி என்றால் மட்டும் கை பாக்கெட்டுக்குள் போய்விடும். ஊரில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். கர்வம் என்பார்கள், குளிர் என்பார்கள். நானும் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "உங்க வண்டிக்கு என்ன சார் ஆச்சு?" என்று திருப்பிக் கேட்டார். என்னிடம் வண்டியே கிடையாது.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை அவர் வாசலில் ஒரு பழைய வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவர் பெயர் ஞானகுரு. விருதுநகர்ப் பக்கம் முப்பத்தோரு வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அடுத்த தெருவில் குடியிருந்தார். பேரிலேயே குரு இருந்ததாலோ என்னவோ, யாரிடமும் போய்ப் பாடம் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அன்றைக்கு வேறு வழியில்லாமல் வந்திருந்தார்.

அவர் மனைவி சந்தனமாரி நர்ஸ். "ரிட்டையர் ஆனதும் மலையில போய் இருப்போம்" என்று ஆசைப்பட்டது ஞானகுரு. அதற்காக மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தது சந்தனமாரி. தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு அவர் மலைப் பாதையில் கார் ஓட்டிக்கொண்டு கீழே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காரில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஏ.சி. செத்து ஆறு வருஷம். மூச்சுக் காற்று படிந்து முன்கண்ணாடி உள்பக்கமாக மூடிக்கொள்ளும். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் துணி.

வியாழக்கிழமை மூன்றாவது வளைவில் கண்ணாடி மொத்தமாக மூடிக்கொண்டது. எதிரே வந்த பால் வண்டி தெரியவில்லை. அரை அடியில் தப்பித்தார்.

வீட்டுக்கு வந்து சந்தனமாரி சத்தம் போடவில்லை. "திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா நான் ஊருக்குப் போயிருதேன். நீங்க மலையில இருங்க" என்றார். அவர் சொன்னால் செய்வார் என்பது ஞானகுருவுக்குத் தெரியும். மெக்கானிக் ஷெட்டில் புதன்கிழமை வரச் சொன்னார்கள்.

"என்ன சார் பிரச்சினை?" என்றார் ரோசலின்.

"ஹீட்டர் வேலை செய்யல பாப்பா."

"என்ன பண்ணிப் பாத்தீங்க?"

ஞானகுரு விரல் விட்டு எண்ணினார். "பியூஸ் பாத்தேன். புளோயர் மோட்டாரக் கழட்டித் தொடச்சேன். பில்டர் புதுசு போட்டேன். காத்து இப்ப பிச்சுக்கிட்டு வருது."

"முன்னாடி காத்து வரலையா?"

"வந்துச்சு."

"சூடு?"

"அதான் வரல."

"அப்ப காத்தை ஏன் சார் ரிப்பேர் பண்ணீங்க?"

ஞானகுருவுக்குச் சுருக்கென்றது. இந்த மாதிரிக் கேள்வியை முப்பத்தோரு வருஷம் கேட்கிற இடத்தில் இருந்தவர்.

"எஞ்சின் ஆறியிருக்கா, கை வச்சுப் பாருங்க. ஆறியிருந்தா மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்க. சூட்டுல திறந்தா மூஞ்சி வெந்துரும்."

திறந்து பார்த்தார். எஞ்சினைக் குளிர வைக்கிற கூலன்ட் தண்ணீர் விளிம்பு வரைக்கும் பச்சையாக நின்றது.

"சரி, மூடுங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரெண்டு தடவை போயிட்டு வாங்க. நான் காபி குடிச்சிட்டு நிக்கிறேன்."

அரைமணி நேரம் கழித்து வந்தார். எஞ்சினை நிறுத்தி பானெட்டைத் தூக்கச் சொன்னார் ரோசலின்.

"எஞ்சின்லேர்ந்து ரெண்டு ஹோஸ் டேஷ்போர்டுக்குப் பின்னாடி போகுது பாருங்க. ஒண்ணுல சூடு தண்ணி உள்ள போகும், ஒண்ணுல திரும்பி வரும். ஹீட்டர்னா அவ்வளவுதான். அதைத் தொடுங்க. மெதுவா, முதல்ல ஒரு விரல்."

"நீ தொட்டா ஒரு நிமிசத்துல தெரிஞ்சுரும்ல பாப்பா?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன சார் பண்றது?"

ஞானகுரு தொட்டார். ஒரு விரல், பிறகு முழுக்கை.

"வெதுவெதுன்னு இருக்கு."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"காபி சூடா, புள்ளைய குளிப்பாட்டற சூடா?"

"புள்ளைய குளிப்பாட்டுத சூடு."

"ஒண்ணு கொதிச்சு ஒண்ணு ஆறியிருந்தா உள்ள அடைப்பு. ரெண்டும் கொதிச்சா டேஷ்போர்டுக்குள்ள இருக்கற தடுப்பு திரும்பலைன்னு அர்த்தம். ரெண்டுமே வெதுவெதுன்னு இருந்தா?"

ஞானகுரு யோசித்தார். "எஞ்சினே சூடாகல."

"சூடு காட்டற மீட்டர்ல முள் எங்க நிக்குது?"

இந்தக் கேள்விக்காகவே பதினாலு வருஷமாகக் காத்திருந்தவர்போல ஞானகுருவின் முகம் மலர்ந்தது.

"முள்ளா? என் கார்ல முள்ளு ஏறவே ஏறாது. கத்திரி வெயில்ல தூத்துக்குடி போயிட்டு வருவேன், அடியிலயே படுத்துக் கெடக்கும்."

"எப்படி சார்?"

"சொல்லுதேன் கேளு." காரில் சாய்ந்து நின்றுகொண்டார். வகுப்பு தொடங்கிவிட்டது. "பதினாலு வருசம் முந்தி, சித்திரை மாசம். சாத்தூர்கிட்ட வண்டி கொதிச்சு நின்னுபோச்சு. காசிப்பாண்டின்னு ஒரு மெக்கானிக். தெர்மோஸ்டாட் வால்வக் கழட்டி என் கையில குடுத்தான். 'நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார், தண்ணியப் போகவிடாம மறிச்சுக்கிட்டு'ன்னான். அன்னைலேருந்து இன்னை வரைக்கும் கொதிச்சதே இல்ல. நான் சொல்லி எங்க ஸ்டாப் ரூம்ல ஆறு பேரு கழட்டிட்டாங்க."

"அந்த வால்வு?"

"அங்கதான் விசயமே இருக்கு. தூக்கிப் போட மனசில்ல, கிளாசுக்குக் கொண்டுபோனேன். பீக்கர்ல தண்ணி வச்சு, அதுக்குள்ள வால்வப் போட்டு, தெர்மாமீட்டரையும் போட்டு, அடியில அடுப்பு. எண்பது, எண்பத்தொண்ணு, ஒண்ணும் நடக்காது. எண்பத்திரண்டு! உள்ள இருக்க மெழுகு உருகி விரியும், ஊசியத் தள்ளும், கதவு திறக்கும். பிள்ளைக கை தட்டும். பன்னெண்டு வருசம் இத நடத்தினேன். வெப்ப விரிவுல என் பிள்ளைக ஒருத்தர்கூட மார்க் விட்டதில்ல."

கர்வப்படத்தான் வேண்டும். அப்படி நடத்துகிற வாத்தியார் எனக்குக் கிடைக்கவில்லை.

"அது மூடியிருந்தா என்ன ஆகும் சார்?" என்றார் ரோசலின்.

"தண்ணி ரேடியேட்டருக்குப் போகாது. எஞ்சினுக்குள்ளயே சுத்தும்."

"சுத்தினா?"

"சீக்கிரம் சூடா..."

ஞானகுரு நிறுத்திக்கொண்டார். திறந்து கிடந்த பானெட்டைப் பார்த்தார். பிறகு அடியிலேயே படுத்துக் கிடந்த முள்ளைப் பார்த்தார்.

ரோசலின் அவசரப்படுத்தவில்லை.

"அது இப்ப எங்க சார் இருக்கு?"

"ஷோகேஸ்ல."

"மூடிக்கு அடியில ஒழுகாம இருக்கப் போடற கேஸ்கெட் மட்டும் இன்னைக்கே வாங்கிருங்க. நாளைக்குக் கடை லீவு."

"சரி டீச்சர்" என்றார் ஞானகுரு.

வாய் தவறி வந்த வார்த்தைதான். திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் ஷோகேஸைத் திறந்தார். பள்ளிக்கூடத்தில் கொடுத்த கேடயத்துக்குப் பக்கத்தில், பஞ்சு விரித்த கண்ணாடிப் பெட்டிக்குள் வால்வு இருந்தது. அடுப்படிக்குக் கொண்டுபோய்ப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வையும் பழைய தெர்மாமீட்டரையும் போட்டார்.

"ஏங்க, அது பால் சட்டி" என்றார் சந்தனமாரி.

"கழுவித் தாரேன்."

"எதுக்கு இப்ப இது?"

ஞானகுரு சொன்னார். மறைக்காமல்தான் சொன்னார். சந்தனமாரி கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"கார்ல இருக்க வேண்டியதயா நான் வாராவாரம் தூசி தட்டி வச்சிருந்தேன்?"

எண்பத்தொன்று. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். எண்பத்திரண்டில் கதவு விலகியது. தண்ணீரை ஆறவிட்டதும் மூடிக்கொண்டது. இத்தனை வருஷம் கழித்தும் ஒரு டிகிரி பிசகவில்லை. ஞானகுருவுக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது.

"நல்லாத்தான் திறக்குது. திங்கக்கிழமை கண்ணாடி தெளியுமா?" என்றார் சந்தனமாரி.

ஞானகுரு வால்வை ஈரம் போகத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரோசலின் வாசலில் கார் ஆறி நின்றது. அடியில் பேசினை வைத்துக் கூலன்டை வடித்தார் ஞானகுரு. வடிந்ததும், "பேசினை மதில் மேல தூக்கி வைங்க. அது இனிக்கும். நாய் நக்கினா பொழைக்காது" என்றார் ரோசலின். தூக்கி வைத்தார்.

மேல் ஹோஸ் எஞ்சினோடு சேருகிற இடத்தில் ஒரு மூடி, அதில் இரண்டு போல்ட். ஒன்று சுலபமாக வந்தது. மற்றது வரவில்லை. ஞானகுரு முக்கினார், திட்டினார், ஸ்பேனர் நழுவி விரல் முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது.

"நீங்க ஒரு தடவை திருகிக் குடுங்க டீச்சர்."

"எண்ணெய் விட்டுட்டுப் பத்து நிமிஷம் உக்காருங்க."

உட்கார்ந்தார். பத்து நிமிஷம் சும்மா உட்கார அவருக்கு வராது.

"நான் மக்கா டீச்சர்? கையில வச்சுக்கிட்டு ஊருக்கே பாடம் நடத்தினேன். என் வண்டியில அது இல்லங்கறது எனக்கே தெரியலையே."

"மக்குக்கு எண்பத்திரண்டு தெரியுமா சார்?"

ஞானகுரு சிரிக்கவில்லை. முட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு பிள்ள கேட்டா. 'இது இங்க இருந்தா உங்க கார்ல என்ன சார் இருக்கும்?'னு எந்திரிச்சுக் கேட்டா. 'காரு ஓடுதும்மா, உக்காரு'ன்னேன். கிளாஸே சிரிச்சுச்சு. அவ உக்காந்துட்டா."

"பேரு?"

"இசக்கியம்மாள். மூணாவது பெஞ்சு." ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போய் அந்த ஆறு வாத்தியாருக்கும் போன் பண்ணிச் சொல்லணும்" என்றார்.

"ஏழு பேரு சார்."

ஞானகுரு தலையாட்டினார். எழுந்து போய்ப் போல்டைத் திருகினார். வந்துவிட்டது.

மூடியைத் திறந்தார். உள்ளே வெறும் ஓட்டை. பழைய கேஸ்கெட்டின் பிசிறைப் பிளேடால் சுரண்டி, துணியால் துடைத்து எடுத்தார். வால்வைக் கையில் எடுத்ததும் ரோசலின் கேட்டார்.

"எந்தப் பக்கம் வைக்கணும்?"

"இந்த ஸ்பிரிங் சுருள் எஞ்சின் பக்கம்." யோசிக்கவே இல்லை. "மெழுகு இந்தப் பக்கம்தான இருக்கு. எஞ்சினோட சூடு முதல்ல அதுலதான் படணும். மாத்தி வச்சா, எஞ்சின் வேகுறது இதுக்குத் தெரியவே தெரியாது."

ரோசலின் அவரைப் பார்த்தார்.

"என் வேனுக்கு நாலு தடவை மாத்தியிருக்கேன் சார். இப்படித்தான் வைக்கணும்னு தெரியும். ஏன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

ஞானகுருவின் முதுகு தானாக நிமிர்ந்தது. ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து அவரிடம் யாரும் எதையும் தெரிந்துகொண்டதில்லை. அவர் அதை வெளியே சொல்லிக்கொண்டதும் இல்லை.

மூடியை மாட்டி, காரை மேட்டைப் பார்த்து நிறுத்தி, புதுக் கூலன்ட் ஊற்றினார். ரேடியேட்டர் மூடியைப் போடாமலே எஞ்சினைக் கிளப்பி ஹீட்டரை முழுக்கத் திருப்பச் சொன்னார் ரோசலின். குழாய்க்குள் மாட்டிக்கொண்ட காற்று கொப்புளம் கொப்புளமாக வெளியே வந்தது. கூலன்ட் மட்டம் இறங்க இறங்க ஊற்றினார். கொப்புளம் நின்றதும் மூடினார்.

"ஓட்டுங்க. நானும் வர்றேன்."

ரோசலின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். கை பாக்கெட்டில்தான் இருந்தது.

இரண்டு தெரு தாண்டியிருக்க மாட்டார்கள். ஞானகுரு சட்டென்று காரை ஓரம் கட்டினார்.

"டீச்சர், முள்ளு ஏறுது!"

"ஏறட்டும்."

"ஆஃப் பண்ணிரவா?"

"ஏறட்டும் சார்."

"கால்வாசி வந்துருச்சு!"

"எங்க போய் நிக்குதுன்னு பாருங்க."

ஞானகுரு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பதினாலு வருஷமாக அசையாத முள். கால்வாசியைத் தாண்டியது. பாதிக்கு வந்தது. சாத்தூர் ரோடு, புகை, கொதித்த தண்ணீர் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. முள் பாதிக்கு ஒரு மயிரிழை கீழே வந்து நின்றது. அப்படியே நின்றது.

"எண்பத்திரண்டு" என்றார் ஞானகுரு.

"வண்டியை எடுங்க."

அடுத்த திருப்பத்தில் டேஷ்போர்டிலிருந்து பழைய தூசி காய்கிற வாடை வந்தது. அதற்குப் பின்னால் சூடு வந்தது. வெதுவெதுப்பு இல்லை, நல்ல சூடு. ஞானகுரு கையை வைத்துப் பார்த்தார். எடுத்துவிட்டுத் திரும்பவும் வைத்தார். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தது அவருக்கு. முட்டி காயம் சூடு பட்டு எரிந்தது, அதுவும் பிடித்திருந்தது.

"கை வச்சுப் பாருங்க டீச்சர்!"

"இருக்கட்டும் சார். அக்கா ஓட்டிட்டு வரட்டும்."

திங்கட்கிழமை காலை ஐந்தரை. கூடவே போக வேண்டும் என்று ஞானகுரு ஸ்வெட்டர் போட்டுத் தயாராக நின்றார். "வேணாம். பக்கத்துல உக்காந்துக்கிட்டுப் பாடம் எடுப்பீங்க" என்று சொல்லிவிட்டு சந்தனமாரி கிளம்பினார். பின் விளக்கு திருப்பத்தில் மறைகிற வரைக்கும் ஞானகுரு கேட்டில் நின்றார். மறைந்த பிறகும் நின்றார்.

ஏழு போன் பண்ண வேண்டியிருந்ததால் பகல் எப்படியோ கழிந்தது. ஏழாவது நம்பர் கிடைப்பதற்குத்தான் மத்தியானம் வரைக்கும் ஆயிற்று. அந்தப் பேச்சு என்ன என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. பேசி முடித்துவிட்டு முகம் கழுவினார்.

நாலு மணிக்குப் பனி இறங்கத் தொடங்கியபோது அவர் ரோசலின் வாசலில் நின்றார். வேனைக் கழுவிவிட்டு ரோசலினும் வந்து நின்றார்.

வெள்ளைக் கார் வந்தது. சந்தனமாரி எஞ்சினை நிறுத்தாமலே இறங்கினார். தோளில் சால்வை இல்லை. அதை மடித்துப் பின்சீட்டில் போட்டிருந்தார்.

"மூணாவது வளைவுல அதே பால் வண்டி எதிர்ல வந்துச்சு. டிரைவர் மீசை வரைக்கும் தெரிஞ்சுச்சுங்க" என்றார்.

ஞானகுரு கண்ணாடியைத் தொட்டுப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சந்தனமாரி ரோசலினிடம் வந்தார். "ஆஸ்பத்திரியில எல்லாரும் யாருகிட்ட குடுத்தீங்கன்னு கேட்டாங்க. ரோசலின்தான் சரி பண்ணாங்கன்னு சொல்லியிருக்கேன்."

"நான் கையே வைக்கலையே அக்கா. சார்தான் பண்ணாரு."

சந்தனமாரி புருஷனைத் திரும்பிப் பார்த்தார். முட்டியில் இருந்த காயத்தையும் பார்த்தார். ஊருக்குப் போகிற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

"போல்ட் திருகினது நான், ஊத்தினது நான், ஓட்டினது சந்தனமாரி" என்றார் ஞானகுரு. சனிக்கிழமையிலிருந்து மனதில் வைத்திருந்த கேள்வியை இப்போதுதான் கேட்டார். "நீங்க எப்பத்தான் டீச்சர் கை வைப்பீங்க?"

ரோசலின் காரின் கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். பாக்கெட்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார். விரல்களை விரித்து, சூடு வருகிற இடத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"இதோ, வச்சுட்டேன் சார்."